கூப்பிடாத கடை

அத்தியாயம் பதினாறு

ஒரு தட்டுச் சோற்றுக்காக மூன்று பேர் விமானம் ஏறினார்கள் என்றால் யார் நம்புவார்கள்?

விசா கொடுத்தவர் நம்பினார். பக்கத்து வீட்டுக்காரர் நம்பினார். சொன்னவர் முதலாளி ஆயிற்றே. பொத்தான் வியாபாரத்தில் நாற்பது வருஷம் பழம் தின்று கொட்டை போட்டவர். அவர் பொய் சொன்னால் தையல் வெளியே தெரியாது.

"சாப்பிடத்தான் போறோம். ஏழாம் நம்பர்னு ஒரு சோறு. நாக்குலயே நிக்குது" என்றார் எல்லோரிடமும்.

நாக்கில் நின்றது ஒரு பெயர். பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயர். அவருடைய மூத்த மகன், பெரியவன்.

குடும்பம் பதினோரு வருஷம், இப்போது வந்திறங்கியிருக்கும் இந்த வெளிநாட்டு ஊரில் பொத்தான் கடை வைத்துப் பிழைத்தது. கடையை மூடிக்கொண்டு தாய்நாடு திரும்பியபோது பெரியவன் மட்டும் வரவில்லை. இரண்டு மாதத்தில் அவன் போன் நம்பர் செத்தது. அம்மா போட்ட கடிதங்கள் பிரிக்கப்படாமல் திரும்பின. உயிரோடு இருக்கிறான், நன்றாக இருக்கிறான் என்று யாரோ சொல்லி யாரோ சொன்னதுதான் மிச்சம்.

இப்போது அம்மாவுக்குச் சோறு இறங்குவதில்லை. டாக்டர்கள் ஒன்றும் இல்லை என்கிறார்கள். "அந்த ஏழாம் நம்பர் கிடைச்சா ஒரு வாய் சாப்பிடுவேன்" என்றாள் ஒரு நாள். முதலாளி மறுநாளே டிக்கெட் போட்டார். அவள் எதைக் கேட்டாள் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். இருவரும் சோற்றைப் பற்றியே பேசினார்கள். துணைக்கு வந்த மகள் பல் டாக்டர், இருபத்தெட்டு வயது. வாய்க்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துப் பழகியவள். அவளும் பேசாமல் இருந்தாள்.

ஏழாம் நம்பர் என்பது அவர்கள் பழைய வீட்டுக்குக் கீழே இருந்த சாப்பாட்டுக் கடையின் பலகையில் ஏழாவதாக எழுதியிருந்த சோறு; அதைப் புதன்கிழமை மட்டும்தான் போடுவார்கள். இன்று புதன்கிழமை.

*

காலை பதினொரு மணிக்குப் பழைய தெருவுக்குள் நுழைந்தார்கள்.

பொத்தான் கடை இருந்த இடத்தில் செல்போன் கண்ணாடி மாற்றுகிறார்கள். முதலாளி அதைப் பார்க்காதவர் போலத் தாண்டிப் போனார். பழைய கட்டடம் அப்படியே நின்றது. கீழே சாப்பாட்டுக் கடை, மேலே மூன்று மாடி. மூன்றாவது மாடி அவர்கள் வீடு.

"முதல்ல வீடு" என்றாள் அம்மா.

"சாப்பாடு ஆறிடும்."

"இன்னும் அடுப்பே பத்த வச்சிருக்க மாட்டாங்க. வாங்க."

உள்ளே நுழைந்ததும் முதலாளி நின்றார். படிக்கட்டுக்குப் பக்கத்தில் இரும்புக் கதவு மின்னியது.

"அட, லிஃப்ட் வந்துடுச்சே."

மகள் பொத்தானை அமுக்கினாள். லிஃப்ட் மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி வந்து கதவைத் திறந்தது. உள்ளே யாரும் இல்லை.

"நான் படியில வரேன்" என்றாள் அம்மா.

"முட்டி வலி?"

"முட்டி என்னோடதுதானே."

ஆகவே மூவரும் படி ஏறினார்கள். நாற்பத்தெட்டுப் படி. முதல் திருப்பத்தில் அம்மா நின்றாள். மூச்சு வாங்க நிற்கவில்லை என்பது மற்ற இருவருக்கும் தெரியும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இதே இடத்தில்தான் முதலாளி பெட்டியைக் கீழே வைத்துக் கயிற்றை இறுக்கினார். இறுகிய கயிறுதான். மறுபடி இறுக்கினார்.

அன்று காலை பெரியவன், வரமாட்டேன் என்று சொல்லியிருந்தான். அவனுக்கு இருபத்து நான்கு வயது, லிஃப்ட் கம்பெனியில் கற்றுக்குட்டி. "பொத்தான் விக்கிற வீட்ல பொறந்துட்டுக் கம்பிக் கயிறு இழுக்கப் போறியா?" என்றார் முதலாளி. அவன் அசையவில்லை. "சரி, இரு. இங்கேயே இரு. எங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அது அவர் தொழில். விலை படியவில்லையா, வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து நடக்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. ஏழெட்டு அடி போவதற்குள் பின்னாலிருந்து குரல் வரும். நாற்பது வருஷத்தில் வராமல் இருந்ததில்லை. அம்மாவுக்கும் அதில் பங்கு உண்டு. முந்தானையைச் சரிசெய்துகொண்டு முதலில் எழுபவள் அவள்தான். அவளைப் "பார்ட்னர்" என்றே கூப்பிடுவார்.

அன்றும் அவள் முதலில் எழுந்தாள். "விடுங்க, வருவான். எங்க போயிடப் போறான்" என்று மகனுக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்.

ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று இறங்கினார்கள். மேலே சின்ன அறைக்குள் அவன் உட்கார்ந்திருந்தான். விலைச் சீட்டு ஒட்டிய கடைகளில் வளர்ந்தவன். சீட்டில் போட்டதைக் கொடுத்துவிட்டுப் போகிற ஊர் இது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்றுதான் அவனுக்கு அர்த்தம்.

யாரும் கூப்பிடவில்லை. விமானம் கிளம்பிவிட்டது.

இப்போது இரண்டாவது திருப்பத்தில் அவர்கள் நிற்கும்போது கம்பிகள் முனகின. காலி லிஃப்ட் அவர்களைத் தாண்டி மேலே போயிற்று. மூன்றாவது மாடியில் கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை. கதவு மூடிக்கொண்டது.

"யார் அமுக்கினா?" என்றாள் மகள்.

முதலாளி வேகமாக ஏறினார்.

*

வீட்டில் இப்போது ஒரு தையல்காரி இருந்தாள். துணி வெட்டும் மேஜையும் இஸ்திரிப் பெட்டியின் சூடும் கூடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. பழைய குடித்தனக்காரர்கள், சும்மா பார்க்க வந்தோம் என்று மகள் அந்த ஊர்ப் பாஷையில் சொன்னாள். தையல்காரி தயங்கிவிட்டு வழிவிட்டாள்.

முதலாளி நேராகத் தையல்காரியின் பொத்தான் டப்பாவிடம் போனார். அம்மா நேராகச் சின்ன அறையிடம் போனாள். அது பூட்டியிருந்தது.

"அது மட்டும் என் வாடகையில வராது" என்றாள் தையல்காரி. "லிஃப்ட்காரரோடது. லிஃப்டைப் பார்த்துக்கறாருன்னு வீட்டு ஓனர் சாமான் வைக்கக் கொடுத்திருக்கார்."

டப்பாவுக்குள் முதலாளியின் கை நின்றது.

"புதன்கிழமை வருவார். எண்ணெய் போடுவார், கம்பியைப் பார்ப்பார். அப்புறம் கீழ இருந்து சோறு வாங்கிட்டு வந்து உள்ள உட்கார்ந்து சாப்பிடுவார். தட்டைக் கழுவிட்டுப் போயிடுவார். பேச்சு கிடையாது. முதல்ல பயமாத்தான் இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கு, மூச்சுச் சத்தம்கூட இல்லைன்னா எப்படி இருக்கும் சொல்லுங்க."

அம்மாவுக்கு இந்தப் பாஷை காய்கறிக் கடையில் கற்றது. அது போதுமானதாக இருந்தது. "உள்ள என்ன பண்ணுவார்?" என்று கேட்டாள்.

"நானும் ஒரு நாள் கேட்டேன். படியில சத்தம் வருதான்னு பார்க்கறேன்னார். லிஃப்ட் வச்ச பிறகு படியில யார் ஏறப் போறாங்க? அதுல இருந்து புதன்கிழமை ஒரு மணிக்கு நான் மிஷினை நிறுத்திடுவேன். கேக்கட்டுமே, பாவம்."

அம்மா பூட்டிய கதவில் உள்ளங்கையை வைத்தாள். ஜுரம் பார்ப்பது போல வைத்தாள்.

"லிஃப்ட் ஏன் தானா மேல வருது?" என்றாள் மகள்.

"அவர்தான் அப்படி வச்சிருக்கார். சும்மா இருக்கற நேரத்துல மூணாவது மாடியில வந்து நிக்கணுமாம். எல்லாக் கட்டடத்துலயும் கீழதான் நிக்கும். கீழ இருக்கறவங்க சண்டையே போட்டாங்க. அதை மட்டும் மாத்த மாட்டேன்னுட்டார்."

"இன்னிக்கு வருவாரா?"

அம்மா கேட்டது இது. குரல் அடங்கியே வந்தது.

"மூணு வாரமா வரலீங்க. லிஃப்டுக்கு வேற ஆள் வந்துட்டுப் போனார். என்ன ஏதுன்னு தெரியல."



முதலாளி டப்பாவை மூடினார். "நல்ல காத்தோட்டமான வீடு. வரோம்மா" என்றார். லிஃப்ட்காரரின் பெயரை அவர் கேட்கவில்லை.

படியில் இறங்கும்போது மகள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "பேரையாவது கேட்டிருக்கலாமேப்பா."

"நமக்கு வேணும்னு காட்டிக்கிட்டா விலை ஏறிடும்."

"இங்க யாருப்பா விக்கறாங்க?"

முதலாளி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அம்மா கடைசியாக வந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

*

கீழே சாப்பாட்டுக் கடையில் கூட்டம் இன்னும் சேரவில்லை. பழைய சமையல்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். கல்லாவில் அவர் மகள் நின்றாள். அப்போது சின்னப் பெண், இப்போது கடைக்காரி. முதலாளியைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஏதோ ஓடியது. அதை மகள் கவனித்தாள். கடைவாய்ப் பல்லில் ஓட்டை இருப்பவர்கள் நாக்கை அங்கே கொண்டுபோவார்களே, அந்த மாதிரி ஒரு அசைவு.

"மூணு ஏழு" என்றார் முதலாளி, உட்காருவதற்கு முன்பே.

வந்தது வெள்ளையாக மூன்று கிண்ணம். சோள சூப்பு.

"இது ஏழு இல்லையே."

"பலகையை மாத்திப் பத்து வருஷம் ஆச்சுங்க" என்றாள் கடைக்காரி. "இதுதான் இப்போ ஏழு. உங்களுக்கு எது வேணும்?"

இந்த இடத்தில் சாதாரண மனிதன், 'சுட்ட கத்தரிக்காயைச் சோத்து மேல பிசைஞ்சு போட்டு, புளிப்பா ஒரு குழம்பு ஊத்தி, கருக வறுத்த வெங்காயம் தூவித் தருவீங்களே, அது' என்று சொல்லியிருப்பான். முதலாளி சாதாரண மனிதர் அல்ல. வேண்டிய பொத்தானைக் கடைசியாகத் தொடுகிற பள்ளியில் படித்தவர். முதலில் மீன் என்ன விலை என்றார். கோழி எலும்போடா, எலும்பில்லாமலா என்றார். சூப்பு கெட்டியாக இருக்கிறதே, மாவு கலப்பதுண்டா என்றார். அந்த ஊர்ப் பாஷை அவருக்குப் பேரம் பேசும் அளவுக்கு மட்டும் வரும். அதை முழுவதும் செலவழித்துவிட்டுக் கடைசியில், கொட்டாவி விடுகிறவர் போல, "முன்னெல்லாம் ஒரு கத்தரிக்காய்ச் சோறு போடுவீங்க" என்றார்.

"அதை யாரும் கேக்கறதில்ல. ஒருத்தருக்காக மட்டும் புதன்கிழமை ஒரு தட்டு பண்ணுவேன்."

"இன்னிக்கு?"

"இருக்கு. ஒரே தட்டு."

"அவர்தான் வரதில்லையாமே."

"வராட்டியும் பண்ணிடுவேன்."

முதலாளி மேஜைமேல் விரலால் தட்டினார். "அந்த ஒருத்தர் யாரு?" என்று கேட்டால் தீர்ந்தது. வாய் திறந்தது. நாற்பது வருஷப் பழக்கம் வாயைப் பிடித்துக்கொண்டது.

"பரவால்ல, அது ஒண்ணும் பெரிசில்ல. வேற கடை இருக்கு" என்றார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "வா பார்ட்னர்."

கடைக்காரி கூப்பிடவில்லை. சூப்புக் கிண்ணங்களை எடுக்கத் தொடங்கினாள்.

முதலாளி கதவைத் தாண்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. கண்ணாடி வழியே மகள் எண்ணினாள். ஏழாவது அடியில் அவர் நடை தளர்ந்தது. எட்டாவது அடியில் தெரு முனைக்கு வந்துவிட்டார். அப்போதுதான் அவள் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள்.

அம்மா எழுந்திருக்கவில்லை.

முந்தானையைச் சரிசெய்யவில்லை. பையை எடுக்கவில்லை. இரண்டு கையையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, அப்பா போறார்."

"போகட்டும்."

"கூட்டிட்டு வரேன்." மகள் எழுந்தாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடியில் நல்ல பலம் இருந்தது.

"விடுடி. அவரா வரட்டும். அன்னிக்கு நான் எழுந்து கூடவே போனேன் பாரு, அதான் தப்பாயிடுச்சு. நான் அந்த நாற்காலியிலயே உட்கார்ந்திருந்தா இவரும் படி இறங்கியிருக்க மாட்டார். அவனும் உள்ள அப்படி உட்கார்ந்திருக்க மாட்டான். அவன் வருவான்னு நினைச்சேன். எனக்குத்தான் எல்லா வித்தையும் தெரியுமே."

இவ்வளவு நீளமாக அம்மா பேசி மகள் கேட்டதில்லை.

அம்மா கடைக்காரியைப் பார்த்தாள். சுற்றி வளைக்கவில்லை. "அந்த ஒருத்தர் எங்க பையன்" என்றாள், காய்கறிக் கடைப் பாஷையில். "அவன் எங்கம்மா?"

"தெரியும். ஆனா நான் சொல்லக் கூடாது. வாக்குக் கொடுத்திருக்கேன்."

கடைக்காரி அம்மாவைப் பார்த்துச் சொல்லவில்லை. அவள் கண் தெருவில் இருந்தது.

தெரு முனையில் முதலாளி சிக்னலில் நின்றார். பச்சை விழுந்தது. எல்லோரும் கடந்தார்கள், அவர் நின்றார். சிவப்பு விழுந்தது. மறுபடி பச்சை. ஆட்கள் அவரை இடித்துக்கொண்டு போனார்கள். பின்னந்தலையை இவர்களுக்குக் காட்டிக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். முதுகைப் பார்த்தாலே தெரிந்தது, கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று. பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தார் போலும். வீட்டில், கடைத்தெருவில், கோயில் வரிசையில்.

மூன்றாவது பச்சையில் அவர் திரும்பினார்.

அந்த எட்டு அடியை நடந்து வர அவருக்கு நேரம் பிடித்தது. கதவைத் தள்ளினார். உள்ளே வந்து கடைக்காரிக்கு எதிரில் நின்றார்.

"எனக்குச் சோறு வேண்டாம்" என்றார். குரலில் வியாபாரம் இல்லை. "என் பையன் வேணும். நீங்க என்ன சொன்னாலும் சரி. குறைச்சுக் கேக்க மாட்டேன்."

கடைக்காரி கிண்ணங்களை அப்படியே வைத்தாள். மகளிடம் கேட்டாள். "நீ போய்க் கூட்டிட்டு வரலையே?"

"இல்ல. நீங்கதான் பார்த்தீங்களே."

"ஆமா, பார்த்தேன்." கடைக்காரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். "பலகையை மாத்தின வருஷம் உங்க பையன் எங்கிட்டச் சொல்லி வச்சார். ஒரு பெரியவர் என்னிக்காவது வருவார். ஊர்ல இருக்கற எல்லாத்தையும் விலை கேப்பார். கடைசியா கத்தரிக்காய்ச் சோறு கேப்பார். வேண்டாம்னு சொல்லிட்டு எழுந்து போவார். அவரை யாரும் கூப்பிடாதீங்க. தானா திரும்பி வந்தா மட்டும் எனக்குச் சொல்லுங்க. இவ்வளவுதான் சொன்னார். பத்து வருஷமா எழுந்து போற ஒவ்வொரு கிழவரையும் பார்த்துட்டிருக்கேன்."

முதலாளி நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். மகள் அவர் தோளில் கை வைத்தாள். அப்பாவின் சட்டைக்குள் இவ்வளவு சின்னத் தோளா என்று தோன்றியது.

"திரும்பி வரலைன்னா?" என்றார்.

"அப்போ ஒண்ணும் சொல்ல வேண்டாம்னார்."

கடைக்காரி சமையல்கட்டுக்குள் போய் அந்த ஒற்றைத் தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். சுட்ட கத்தரிக்காயின் புகை வாசனை மேஜையைச் சுற்றி நின்றது. அதே வாசனைதான். மூவரில் ஒருவரும் தொடவில்லை.

அவள் கல்லாவுக்கு அடியிலிருந்து போனை எடுத்தாள். ஒரு நம்பரைத் தேடி அமுக்கினாள். மணி போயிற்று. நான்கு, ஐந்து, ஆறு. முதலாளியின் உதடு எண்ணிக்கொண்டிருந்தது.

எடுத்தார்கள்.

"கடையில இருந்து பேசறேன்" என்றாள் கடைக்காரி. "வந்துட்டாங்க. ஆமா. போயிட்டு, தானா திரும்பி வந்தார்."

 அந்தப் பக்கத்தில் என்னவோ கேட்டார்கள். கடைக்காரி முகம் மாறியது. போனை முதலாளியிடம் நீட்டப் போனவள், கையை அம்மா பக்கம் திருப்பினாள்.

"உங்ககிட்டத்தான் கொடுக்கச் சொல்றாங்க."

அம்மா போனைக் காதில் வைத்தாள். மகளும் குனிந்து காதை ஒட்டினாள்.

அது பெரியவன் இல்லை. ஒரு பெண். தமிழில் பேசினாள். அழுதுவிட்டு முகம் கழுவிய குரல்.

"அத்தையா?"

 அத்தை. அப்படி அம்மாவைக் கூப்பிட உலகத்தில் ஒருத்தி இருக்கிறாள் என்று இந்த நிமிஷம் வரை அவளுக்குத் தெரியாது.

"சொல்லும்மா" என்றாள் அம்மா.

"அவர் பக்கத்துலதான் இருக்கார். பேசற நிலைமையில இல்ல. நீங்க முதல்ல உட்காருங்க அத்தை. அப்புறம் சொல்றேன்."

முதலாளி கைநீட்டினார். அம்மா போனைத் தரவில்லை.

"நான் உட்கார்ந்துதான்மா இருக்கேன்" என்றாள். "எங்க இருக்கீங்க, அதைச் சொல்லு."